கிழிந்த நோட்டு எண்ணிய பெண்கள்

அன்புள்ள சார்,

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வாஷிங்டன் கருவூலத்தில் பெண்களை வேலைக்கு எடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருப்பவள். அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்? அவர்களைச் சேர்த்த கருவூல அதிகாரி ஸ்பின்னர் பெரிய மனசுக்காரர்தானே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஸ்பின்னரை நானும் மதிக்கிறேன். பின்னாளில் அந்த ஊழியைகளே காசு சேர்த்து அவருக்குச் சிலை செய்தார்கள், அது இன்றும் நியூயார்க் மாநிலத்து ஹெர்கிமரில் இருக்கிறது. ஆனால் 1862இல் நடந்ததைப் பாருங்கள். தாள் தாளாக அச்சாகி வந்த நோட்டுகளை ஆண் குமாஸ்தாக்கள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், போருக்கோ ஆள் வேண்டும், அப்போதுதான் ஜென்னி டக்ளஸ் என்ற பெண்ணை உட்காரவைத்து வெட்டச் சொன்னார். அவர் நன்றாகவே வெட்டினார். ஆண்களுக்கு வருடம் 1200 முதல் 1800 டாலர்வரை, பெண்களுக்கு 600. கதவு திறந்ததற்கு இந்தக் குறைந்த கூலியும் பெரிய காரணம்.

வேலை உங்களுக்குப் பழக்கமானதுதான். வங்கிகளிலிருந்து வரும் அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு எல்லாவற்றையும் எண்ண வேண்டும், கள்ள நோட்டைப் பிரிக்க வேண்டும், நாள் முழுக்க அந்தத் தூசிதான். கணக்கில் குறைந்தால், கள்ள நோட்டு கண்ணுக்குத் தப்பினால், சம்பளத்தில் பிடிப்பார்கள். 1871இல் சிகாகோ எரிந்த பிறகு கருகிப்போன நோட்டுகள் வந்து சேர்ந்தன. ஊதினால் பறந்துவிடும் கரியை மெல்லிய கத்தியால் ஏடு ஏடாகப் பிரித்து, இது எந்த வங்கி, எத்தனை டாலர் என்று சொன்னவர்கள் இந்தப் பெண்கள்தான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அவர்களில் பலர் போரில் கணவனையோ தகப்பனையோ இழந்தவர்கள். வேலை கேட்கவே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், கிடைத்த பிறகு அந்தச் சிபாரிசை வைத்தே ஊர் அவர்களின் நடத்தையைப் பேசும். 1864இல் கருவூலப் பெண்களைப் பற்றிய வதந்திகளை நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. பட்டப்பகலில் நோட்டு எண்ணிய பெண் அதற்கெல்லாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

அப்புறம் சம்பளம். 1866இல் 900 டாலர் ஆயிற்று. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு பெண்ணுரிமைக்குப் போராடிய பெல்வா லாக்வுட் போன்றவர்கள் ஓயாமல் மனுக் கொடுத்தார்கள். 1870இல் சட்டம் வந்தது, ஆனால் ஆண்களுக்குரிய பதவியையும் சம்பளத்தையும் பெண்ணுக்குத் தருவதைத் துறைத் தலைவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பெரும்பாலான பெண்கள் அதற்கப்புறமும் 900 டாலரிலேயே இருந்தார்கள்.