விய்யூர் ஜெயிலிலிருந்து வந்த அண்ணனுக்கு கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு

ஜெயிலிலிருந்து வந்த உங்கள் அண்ணனுக்குக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீடு தேடுகிறீர்கள், வீட்டுக்காரர் போலீஸ் கடிதம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தண்டனை முழுவதும் முடிந்து வந்தவர் என்றால், வாடகை வீடு எடுக்க போலீஸ் அனுமதிக் கடிதம் தேவையில்லை. "ஸ்டேஷனில் எழுதி வாங்கி வா" என்று வீட்டுக்காரர் கேட்பது அவருடைய பயத்தில்தான்; சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அந்தப் பயத்துக்கு ஆதாரும் ஒரு காரணமாக இருக்கலாம். விற்றுப்போன பழைய வீட்டின் முகவரியே இன்னும் அதில் இருக்கிறது என்கிறீர்கள். அம்மாவின் ஆதார் உங்கள் முகவரியில் இருந்தால், குடும்பத் தலைவராக அவர் ஒப்புதல் கொடுத்து அண்ணனின் முகவரியை மாற்றலாம். 2023 முதல் இந்த வழி இருக்கிறது. அப்புறம், ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிப் பாருங்கள். வழக்கை மட்டும் மறைக்காதீர்கள். நம்ம ஊரில் ஒரு வாரம்கூடத் தாங்காது, அட்வான்ஸும் போய் அண்ணனும் தெருவில் நிற்பார்.

இன்றே விடுதலைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தண்டனை முடிந்த விடுதலையா, அரசு முன்கூட்டியே விட்டதா? இரண்டாவது என்றால் நிபந்தனைகள் இருக்கக்கூடும். பொள்ளாச்சியில் மாமா வீட்டில் தங்குவது நமக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் ஃபைலில் அது வேறு மாநிலம். கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள்.

கேட்க வேண்டியது பாலக்காட்டில் சமூக நீதித் துறையின் மாவட்ட புரொபேஷன் ஆபீசரிடம் (நன்னடத்தை அதிகாரி). விடுதலையானவர்கள் சுயதொழில் தொடங்க உதவித்தொகை உண்டா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். தையல் தெரிந்த மனிதர், வீட்டோடு ஒரு மெஷினும் அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

யாராவது மிரட்டினால் 15100-ஐ அழையுங்கள், அது இலவச சட்ட உதவி எண்.