33 அங்குல மட் டயரை பேலன்ஸ் செய்யவே முடியாது என்பது உண்மையா? டயருக்குள் சிறு கண்ணாடி மணிகள் போட்டால் சரியாகுமா?

முடியாது என்று சொன்னவர், தன் கடையில் முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

கேள்வியில் நீங்கள் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: மகிந்திரா தார் வண்டி, சேற்றுப் பாதைக்கான 33 அங்குல மட் டயர், எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது, டயர் மாட்டியவர் இவ்வளவு பெரிய டயருக்கு பேலன்ஸ் (சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமமாக்குவது) நிற்காது என்கிறார், நண்பர் ஒருவர் டயருக்குள் மணி போடச் சொல்கிறார். எழுதாததை நானே ஊகித்துக்கொள்கிறேன். ரிம்மும் வெளியில் வாங்கியதாக இருக்கும். வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியும் இருப்பீர்கள். வாரத்தில் ஆறு நாள் நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய டயர் போட்டவன் தினமும் சேற்றிலேயே உழல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் மெக்கானிக் அல்லன், பொறியாளனும் அல்லன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே பின்னூட்டத்தில் வந்து என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய்த் தொழில். மலைக்குப் போய்வர மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். அதில் இருந்த 205/70 ஆர் 15 டயர்களைக் கழற்றிவிட்டு, 31 அங்குல மட் டயர் போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஜீப்புகளுக்குப் பஞ்சமில்லை. விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள். பழைய மகிந்திரா ஜீப்புகளில் 6.00-16 நைலான் டயர்தான். அந்த ஓட்டுநர்களிடம் வீல் பேலன்சிங் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. மலைப்பாதையில் யார் நாற்பதைத் தாண்டுகிறார்கள்? எடை கூடிய பக்கம் சக்கரத்தை இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. நாற்பதில் ஒரு பங்கு என்றால் எண்பதில் நான்கு பங்கு. உங்கள் 33 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. 16 அங்குல ரிம்மின் விளிம்பில் 100 கிராம் மிகையாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஐந்து கிலோவுக்கும் அதிகமான விசையாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே. நாற்பதில் அதே 100 கிராம் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிடும். ஜீப் ஓட்டுநர் சொல்வதும் உங்கள் ஸ்டீயரிங் சொல்வதும் முரணல்ல.

மட் டயரில் இந்த மிகை எங்கிருந்து வருகிறது? கட்டை கட்டையாக ரப்பர் வைத்த டயர். 33க்கு 12.5 அளவு என்றால் டயர் மட்டுமே 25 கிலோவைத் தாண்டும். அச்சில் வார்க்கும்போது ஒரு பக்கம் சற்றுத் தடித்துவிட்டாலும் அந்தத் தடிப்பு நடுவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. தரையைத் தொடும் பகுதியில் 50 கிராம் மிகை என்றால், ரிம்மில் ஈடுகட்ட 100 கிராம் ஈய எடைக்கட்டி வேண்டும், ஏனென்றால் ரிம்மின் விளிம்பு பாதித் தூரத்தில்தான் இருக்கிறது. சிறிய காருக்கு இருபது, முப்பது கிராம் வைத்துப் பழகிய கைக்கு, பேலன்ஸ் பார்க்கும் இயந்திரம் 150 கிராம் என்று காட்டினால் டயரே கோளாறு என்று தோன்றுகிறது. கோளாறு இல்லை. 150 வேண்டுமென்றால் 150 வைக்க வேண்டியதுதான்.

என் கதை இப்படி. மதுரையில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். குளிர்சாதன அறை, காபி இயந்திரம், சுவரில் கணினித் திரை எல்லாம் உண்டு. முன் சக்கரம் ஒன்றை ஏற்றிச் சுழற்றினார்கள். உள்பக்கம் 210 என்று காட்டியது. உரிமையாளர் திரையைப் பார்த்துவிட்டு, மட் டயர் என்றால் இப்படித்தான் சார், இதற்கு பேலன்ஸ் கிடையாது, நைட்ரஜன் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்டம் குறையும் என்றார். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியையும் நைட்ரஜனாக்கினால் எடை கூடிய பக்கம் எப்படிக் குறையும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வேலை செய்த பையனிடம் ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன். சக்கரத்தை இயந்திரத்தின் தண்டிலேயே தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்று. டயரில் கையே வைக்க வேண்டாம். சுழற்றினான். இப்போது 130, அதுவும் வேறோர் இடத்தில். டயர் மாறவில்லை, ரிம் மாறவில்லை, அளவு மட்டும் மாறுகிறது என்றால் தப்பு சக்கரத்தில் இல்லை. சக்கரம் அந்தத் தண்டில் நடுவாக உட்காரவில்லை.

இதுதான் பெரும்பாலான கடைகளில் நடப்பது. காரின் ரிம்மை நடுத்துளையில் ஒரு கூம்பை நுழைத்து இயந்திரத்தில் பிடிப்பார்கள். ஜிப்ஸியில் நடுத்துளையே 108 மில்லிமீட்டர். பழைய ஜீப்புகளைப் போலவே 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து நட்டுகள். வெளியில் வாங்கும் ரிம்களில் நடுத்துளையைத் தாராளமாக வெட்டி, மையத்தை நட்டுகளிடமே விட்டுவிடுகிறார்கள். வண்டியில் நட்டு பிடிக்கிறது, இயந்திரத்தில் துளை பிடிக்கிறது. இரண்டு மையமும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? கணக்குப் போட்டுப் பாருங்கள். என் டயரும் ரிம்மும் சேர்ந்து 32 கிலோ அளவில் இருக்கும். மையம் வெறும் அரை மில்லிமீட்டர் விலகினால், 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 80 கிராமுக்கு மேல் இல்லாத பாரம் இருப்பதாகத் திரை காட்டும். இல்லாத பாரத்துக்கு ஈயம் அடித்து அனுப்பினால் வண்டி முன்னைவிட மோசமாகத்தான் ஆடும். பிறகு பேலன்ஸ் நிற்கவில்லை என்பார்கள்.

இதற்கென்று விரல்கள் வைத்த தட்டு இருக்கிறது. அந்த விரல்கள் நட்டுத் துளைகளில் உட்கார்ந்து, வண்டியில் இருப்பதுபோலவே ரிம்மைப் பிடிக்கும். அந்தக் கடையிலும் இருந்தது, அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதைப் போட்டுச் சுழற்றியபோது 170 வந்தது. திருப்பி வைத்தாலும் அதே 170, அதே இடம். அதன் பிறகு காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மேல் அரைச் சுற்று நகர்த்தச் சொன்னேன். டயரின் கனத்த பக்கமும் ரிம்மின் கனத்த பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் இப்படிப் பிரித்துவிடலாம். 90க்கு இறங்கியது. புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதுவே லேசான பக்கம். வால்வுக்கு நேராக அதை வைத்து மாட்டினால் இந்தச் சிரமம் பாதி குறையும். மாட்டும்போது யாரும் பார்ப்பதில்லை. ஈயத்தை உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் பிரித்து வைக்க வேண்டும். பன்னிரண்டு அங்குல அகல டயருக்கு ஒரே பக்கம் மட்டும் வைத்தால், சக்கரம் குதிப்பது நின்று இடவலமாக ஆடத் தொடங்கும்.

நான்கு சக்கரமும் முடிந்து உசிலம்பட்டி வழியாகத் திரும்பும்போது தொண்ணூறில் ஒரு கையால் பிடித்து வந்தேன். ஒரு கையால் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள், சோதிப்பதற்காக. எல்லாக் கடைக்காரரும் அப்படி என்றும் நான் சொல்லவில்லை. அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்டதை இன்று எனக்கே சொல்லிக் காட்டுகிறான்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஆட்டம் திரும்ப வரும். கடைக்கு ஓடாதீர்கள், முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும்போது உள்ளே அப்பிய சேறு காய்ந்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கால் கிலோ சேறு ஒட்டியிருந்தால் 90 கிராம் ஈயம் என்ன செய்யும்? தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், முடிந்தது. கொழுக்குமலைக்குப் போய்வந்தால் எனக்கு இது வழக்கம். அந்தப் பெயரை எடுத்ததும் வேறொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், எங்கள் போடி வட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்துதான் ஏற வேண்டும். நம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் தங்குவது அங்கே, சாப்பிடுவது அங்கே, ஜீப்புக்குப் பணம் கொடுப்பது அங்கே. மலை நம்முடையது, வரும்படி அவர்களுடையது. அவர்களைக் குறை சொல்லவில்லை, பாறையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். இங்கே கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சரி, விடுங்கள்.

மணிக்கு வருகிறேன். கண்ணாடியிலோ பீங்கானிலோ செய்த சிறு மணிகள், 33 அங்குல டயருக்கு ஏறக்குறைய 200 கிராம். டயருக்குள் கொட்டிவிட்டால் அவை தாமாகவே லேசான பக்கத்துக்கு ஓடிச் சமன்செய்யும் என்பார்கள். பொய்யல்ல. ஆனால் எப்போதும் நடப்பதும் அல்ல. தொங்கும் அச்சில் சுழலும் சக்கரத்துக்கு இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. அதற்கு மேல் போனால், கனத்த பக்கம் உள்வாங்கிக்கொண்டு லேசான பக்கம் வெளியே வீசும்; மணிகளும் அங்கே போகும். அதற்குக் கீழே நேர்மாறு, மணிகள் கனத்த பக்கத்துக்கே போய்ச் சேரும். உங்களுக்கு எண்பதில் ஆட்டம் உச்சம் என்றால், நீங்கள் அந்த எல்லையின் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இயற்பியல் ஆசிரியர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். அந்த எல்லைக்கு மேலேயே ஓடும் வண்டிக்கு உதவுவது உங்களுக்கு உதவும் என்று நான் கையெழுத்திட மாட்டேன். இன்னொன்று, மணி போட்ட சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றி அளக்க முடியாது. இயந்திரத்தின் தண்டு அசையாது, மணி கண்டபடி ஓடும், திரை ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லும்.

ஆனாலும் மணியை நான் தள்ளிவிடவில்லை. தோட்டத்து நண்பர் ஒருவரின் ஜீப்பில் ஈயமே தங்காது. வெளி விளிம்பில் அடித்ததைப் பாறை தட்டிவிடும், ஒட்டுவதை ஓடைத் தண்ணீர் கழற்றிவிடும். அவர் மணி போட்டுச் சந்தோஷமாக இருக்கிறார். அதற்குச் சில கட்டுப்பாடுகள். வால்வுக்குள் வடிகட்டி வைத்த ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இறக்கும்போது மணி வந்து அடைத்துக்கொள்ளும். காற்றை இறக்கும் நேரத்தில் வால்வு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும், மணி கீழே கிடக்கும். கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் காற்று அடிக்கும் கடையில் அடித்தால் மணிகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். பஞ்சர் தடுக்கும் பச்சைத் திரவம் ஊற்றியிருந்தால் மணியை நினைத்தும் பார்க்காதீர்கள். அந்தத் திரவம் மட்டும் இருந்தாலே, நிறுத்திய வண்டியில் அடியில் தேங்கி, கிளம்பியதும் ஆட்டத்தைக் கொடுக்கும். டயரைக் கழற்றும் பஞ்சர் கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தரையெல்லாம் உருண்டோடும்.

பேலன்ஸ் சரியாக இருந்தும் ஆடினால் வேறு இடம். ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம் என்பது முதல் அடையாளம். முன்னதையும் பின்னதையும் மாற்றிப்போட்டு, ஆட்டம் இடம் மாறுகிறதா பாருங்கள். மாறவில்லை என்றால் டயரை விட்டுவிடுங்கள். ஜிப்ஸி, பழைய ஜீப் போன்ற, முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இணைந்த வண்டிகளில், சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பேரிங் தேய்ந்தாலோ, உயர்த்தியதில் காஸ்டர் கோணம் (அந்த மூட்டின் பின்சாய்வு) குறைந்தாலோ, ஒரு சிறு குழியில் விழுந்ததும் முன்புறமே உதறத் தொடங்கிவிடும். வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நிற்கும். 2020க்குப் பிந்தைய தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குகின்றன, அந்த உதறல் அதே வகையில் வராது. உங்களுக்கு பால் ஜாயின்ட், டை ராட் முனை, வீல் பேரிங் மூன்றையும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள்.

டயர் எப்போது தயாரானது என்பதையும் பாருங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, வெளிநாட்டு மட் டயர் கிடைப்பது அரிதாகி, கிடங்கில் கிடந்ததெல்லாம் புதிது என்ற பெயரில் வெளியே வந்தது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எனக்கு ஒருவர் புதிது என்று காட்டிய டயரில் 2316 என்று இருந்தது; அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நசுங்கிய டயர் வட்டமாகவே இருக்காது. வட்டமில்லாததை எந்த ஈயமும் எந்த மணியும் திருத்தாது.

முதலில் அந்த அரைச் சுற்றுச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கூம்பில் ஏற்றியபோது வந்த அளவு, திருப்பி ஏற்றியபோது வந்த அளவு இரண்டையும் இங்கேயே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம். மணி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு நான் பதில் அனுப்புவதில்லை.