ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று இருக்கும் வேலைகளை டூ-டூ செயலியில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: செயலியில் நாற்பது வேலை இருக்கிறது. அதில் பாதியை வேறு ஏதோ ஒன்று முடியாமல் தொடவே முடியாது. ஆனால் காலையில் திறந்தால் நாற்பதும் ஒரே வரிசையில் நின்று முறைக்கின்றன. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டத் தெரிந்த செயலிக்கு மாறிவிடலாமா?

மாறலாம். அதற்கு முன் நான் மாறிப் பார்த்த கதையைக் கேட்டுவிடுங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்தோம். அம்மா அங்கே, நான் பெங்களூரில். மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர், எலக்ட்ரீசியன், பிளம்பர், ஆசாரி என்று ஐந்து பேரையும் போனிலேயே ஓட்ட வேண்டும். மென்பொருள் வேலை பார்க்கிற கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் வேலைகளை எழுதி, எது முடிந்தால் எது என்று அம்புக்குறி போட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதியும் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் செத்துப்போனது.

காரணம் எளிது. எம்சாண்ட் (ஆற்று மணலுக்குப் பதிலான செயற்கை மணல்) லாரி இரண்டு நாள் தள்ளி வந்தது. அதற்குக் கீழே இருந்த முப்பது தேதிகளும் பொய்யாகின. அவற்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் மழை. வீட்டு வேலையைப் பார்த்த நேரத்தைவிட அந்தப் படத்துக்கு வைத்தியம் பார்த்த நேரம்தான் அதிகம்.

இப்படி அம்பு போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1957-இல் டூபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயனத் தொழிற்சாலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இதைப் போலவே இன்னொன்றைச் செய்தது. அங்கெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொள்ளவே தனியாக ஆள் உண்டு. நமக்கு நாமேதான் ஆள்.

சரி, படத்தைத் தூக்கிப்போடும் முன் அம்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: முந்தையது முடியாமல் இதைச் செய்தால் என்ன கெட்டுப்போகும்? பாதிக்கு மேல் பதிலே இல்லை. பூச்சு வேலை முடிந்த பிறகு டைல்ஸ் தேர்வு என்று போட்டிருந்தேன். ஏன்? பூச்சு முடிந்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டுவார்கள் என்பதால், தேர்வு செய்வதையும் அங்கேயே கட்டிவிட்டேன். கடைக்குப் போய் நிறம் பார்ப்பதற்கும் சுவர் காய்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்களும் அந்த இருபது வேலைகளை இப்படிக் கேட்டுப்பாருங்கள். எட்டு பத்து அப்போதே அவிழ்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ‘வேலை’ என்று நாம் எழுதுவது பெரும்பாலும் இரண்டு வேலைகளின் மூட்டை. அதில் ஒரு பாதிதான் உண்மையில் காத்திருக்கிறது.

மிச்சம் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி காத்திருப்பவை அல்ல.

சில நாட்காட்டிக்காகக் காத்திருக்கின்றன. தளம் போட்டதும் சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகளையும் முட்டுகளையும், உடனே பிரிக்க முடியாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456-இன்படி, தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் முட்டுகளை எடுக்கக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். எங்கள் மேஸ்திரி எதுவாக இருந்தாலும் 14 நாளுக்கு முன் கை வைக்க விடமாட்டார். அதுவரை மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். வாசக்கால் வைக்க முகூர்த்தம் பார்க்க வேண்டும், ஆடியில் கூடாது என்றார் அம்மா. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, அதுவும் ஒரு தேதிதான். இவற்றுக்கு அம்பு வேண்டாம். அந்தத் தேதி வரை கண்ணில் படாமல் இருந்தால் போதும். ‘தொடங்கும் தேதி’, ‘இந்தத் தேதிவரை மறைத்து வை’ போன்ற வசதி உங்கள் செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் கெடு தேதியையே அப்படி வைத்துக்கொள்ளலாம்.

சில ஆளுக்காகக் காத்திருக்கின்றன. ‘ஜன்னல் சட்டம் வர வேண்டும்’ என்று எழுதி வைத்திருந்தேன். அது ஆசாரியின் வேலை, என் பட்டியலில் அதற்கு என்ன வேலை? அதை ‘வியாழக்கிழமை ஆசாரிக்குப் போன் போட்டுச் சட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று கேள்’ என்று மாற்றியதும் அது காத்திருக்கும் வேலையாக இல்லாமல் போனது. வியாழக்கிழமை நான் செய்யக்கூடிய, முழுக்க என் கையில் இருக்கிற வேலை. அவர் ‘அடுத்த வாரம் தம்பி’ என்றால் அடுத்த வியாழனுக்குத் தள்ளுவேன். மூன்று முறை தள்ளினேன், அது வேறு கதை.

இந்த இரண்டையும் கழித்தால் நிஜமாகப் பூட்டு போட்டு நிற்பவை கொஞ்சம்தான். அவற்றுக்கு நான் செய்வது இது. பூட்டிய வேலையில் ‘இதற்காகக் காத்திருக்கிறது’ என்று எழுத மாட்டேன். எது முடிந்தால் பூட்டு திறக்குமோ, அந்த வேலையின் குறிப்பில் ‘முடிந்ததும்: எலக்ட்ரீசியனை வரச்சொல்’ என்று எழுதுவேன். ஏனென்றால் ஒரு வேலையை முடித்து டிக் அடிக்கிற நேரத்தில் நம் கண் அந்த வேலையின் மேல்தான் இருக்கும். எங்கோ கீழே, மறைந்து கிடக்கிற அடுத்த வேலையின் குறிப்பை அப்போது யார் போய்ப் படிப்பார்கள்? பூட்டிய வேலைகளுக்கு ‘பூட்டு’ என்று ஒரு லேபிள். தினமும் பார்ப்பது அந்த லேபிள் இல்லாதவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி. டிக் அடிக்கும்போது குறிப்பைப் படித்து, திறந்த வேலையின் லேபிளை எடுத்துவிடுவேன். டோடூயிஸ்ட் செயலியில் லேபிளும் வடிகட்டியும் இருப்பதால் இது சுலபம். கூகுள் டாஸ்க்ஸில் லேபிள் கிடையாது. அதில் ‘பிறகு’ என்று தனிப் பட்டியல் வைத்து, திறக்கும்போது இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதிக்காக. உண்மையில் அடி விழுகிற இடம் வேறு. அதை நான் ஊஞ்சலில்தான் தெரிந்துகொண்டேன்.

மாடி ஹாலில் ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அதையும் எழுதி வைத்திருந்தேன்: ‘ஊஞ்சல் வாங்கு, கொக்கி வாங்கு’. அது கட்டில், பீரோவோடு சேர்ந்து, குடிபோவதற்கு ஒரு வாரம் முன்பு வரும் தேதியில் இருந்தது. ஊஞ்சலைக் கடைசியில்தானே வாங்குவோம்? ஆனால் கொக்கி தளத்துக்குள் இருக்க வேண்டியது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கம்பியோடு கம்பியாகக் கட்டிவிட வேண்டும். என் நூற்றுச் சொச்சம் வேலைகளில் இதற்கு மட்டும் அம்பு இல்லை.

தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி சென்ட்ரிங் மேல் ஏறி ஒரு சுற்று நடந்து ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்பாராம்: ‘நாளைக்கு மூடப் போறேன், யாருக்கு என்ன பாக்கி?’ எலக்ட்ரீசியன் பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் எண்ணிச் சொன்னார். பிளம்பர் அவர் பங்கைச் சொன்னார். எனக்கும் போன் போட்டிருக்கிறார். நான் மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை.

மறுநாள் மூடிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் நான் என் பட்டியலில் கேட்காமல் விட்டிருந்தேன். ‘அ முடிந்தால் ஆ திறக்கும்’ என்பதை மட்டுமே நாமும் செயலிகளும் பார்க்கிறோம். ‘ஆ முடிந்தால் அ-வுக்குக் கதவு மூடிவிடும்’ என்பதை யாரும் எழுதுவதில்லை. முதல் வகையை மறந்தால் நேரம் போகும், அவ்வளவுதான். வேலையே வந்து நின்று ஞாபகப்படுத்தும். இரண்டாவது வகையை மறந்தால் வேலை எதுவும் நிற்காது. எல்லாம் ஜாம் ஜாமென்று நடந்துகொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து.

அதற்குப் பிறகு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். ஒரு வீட்டில் ‘மூடும்’ வேலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: தளக் கான்கிரீட், சுவர்ப் பூச்சு, பாத்ரூம் டைல்ஸ், மொட்டைமாடித் தட்டோடு, கடைசிக் கோட்டு பெயிண்ட். இவை ஐந்தும் தாய் வேலைகள், பெயரே ‘மூடு: பூச்சு’, ‘மூடு: பாத்ரூம் டைல்ஸ்’ என்று தொடங்கும். மூடுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டியவை எல்லாம் அதன் கீழே துணை வேலைகள். பூச்சின் கீழே: சுவரில் காடி வெட்டிப் பைப் போட்டாகிவிட்டதா, சுவிட்ச் பாக்ஸ்கள் அம்மா சொன்ன உயரத்தில் இருக்கின்றனவா, ஏசி வரும் சுவரில் வயருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வழி விட்டாயிற்றா, மூடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்தாயிற்றா. டைல்ஸின் கீழே: பைப்பில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தாயிற்றா, நீர்க்கசிவுப் பூச்சு அடித்துத் தண்ணீர் தேக்கிப் பார்த்தாயிற்றா. ஒவ்வொன்றிலும் கடைசித் துணை வேலை ஒன்றே: ‘அம்மாவுக்கும் மேஸ்திரிக்கும் போன் போட்டு, மூடலாமா என்று கேள்’.

வழக்கமாகத் துணை வேலை என்றால் பெரிய வேலையின் துண்டுகள் என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. இவை வாசலில் நிற்கும் காவல்காரர்கள். ஒரு எச்சரிக்கை: பல செயலிகளில் தாய் வேலைக்கு டிக் அடித்தால் முடியாத துணை வேலைகளும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும், டோடூயிஸ்ட்டிலும் அப்படித்தான். அந்தச் செயலிகள் உங்களைத் தடுக்காது. தடுக்கிற செயலி வேண்டுமென்றால் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருளில் இருக்கும் ஆர்க் மோடு தடுக்கும்: அதற்கான அமைப்பை இயக்கிவிட்டால், பிள்ளைகள் முடியாமல் தாயை முடித்ததாகக் குறிக்கவே விடாது. ஆனால் ஈமேக்ஸ் ஏற்கெனவே தெரியாதவர்களுக்கு இதற்காக அதைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

செயலி மாறித்தான் ஆவேன் என்றால், தனியாளுக்கு இரண்டு சொல்வேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் திரை பழகியவர்களுக்கு டாஸ்க்வாரியர், இலவசம். எது எதைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டால், பூட்டிய வேலைகளின் அவசர மதிப்பெண்ணைத் தானே 5 குறைக்கும், மற்றவற்றைத் தடுத்து நிற்கும் வேலைக்கு 8 கூட்டும். அந்த 8-தான் விசேஷம். ‘இந்தச் சின்ன வேலையை முடித்தால் நாலு பேருக்கு வழி விடும்’ என்பது மேலே வந்து நிற்கும். ஆப்பிள் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு ஆம்னிஃபோகஸ்: ஒரு திட்டத்தை ‘வரிசையாக’ என்று குறித்தால் முதல் வேலையை மட்டும் ‘இப்போது செய்யலாம்’ என்று காட்டும், அதை முடித்தால் அடுத்தது. அம்பே போட வேண்டாம். அசானா மாதிரியானவை குழுவுக்கு, அதுவும் சார்பு வசதி கட்டணத் திட்டத்தில்தான். வீட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சில சமயம் அம்புகள் வட்டமாகிவிடும். எங்களுக்கு வீட்டுக்கடன் தவணை தவணையாக வந்தது. தளம் போட்டு முடித்தால்தான் அடுத்த தவணை என்றார்கள். அந்தத் தவணை வந்தால்தான் தளம் போடக் கம்பியும் சிமெண்டும் வாங்க முடியும். டாஸ்க்வாரியரில் இப்படி வட்டமாகக் கட்டப் போனால் முடியாது என்று சொல்லிவிடும். வாழ்க்கை சொல்லாது. வட்டம் வந்தால் அதில் ஏதோ ஒரு வேலையை இரண்டாக உடைக்க முடியுமா என்று பாருங்கள். ‘தளம்’ என்பதை ‘கம்பி, சென்ட்ரிங்’ என்றும் ‘கான்கிரீட்’ என்றும் உடைத்தேன். கம்பி கட்டிய நிலையில் இன்ஜினியர் வந்து பார்த்துக் கடிதம் கொடுத்தால் பாதித் தொகை விடுவிப்பார்களா என்று கேட்டேன். கொடுத்தார்கள். முதல் பாதிக்கு அம்மாவின் வளையல் இரண்டு மாதம் அடகுக் கடையில் இருந்தது.

ஊஞ்சலுக்கு வருகிறேன். தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் அடித்துக் கொக்கி மாட்டலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மேஸ்திரி அரை மனதாகத் தலையாட்டினார். அம்மா ‘வேண்டாம்ப்பா, ஒழுகிடும்’ என்றுவிட்டார். இப்போது ஹாலில் இருப்பது இரும்பு ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சல். ஆடினால் லேசாகக் கிரீச்சிடும். எண்ணெய் விட வேண்டும், பட்டியலில் இருக்கிறது. அதற்கு எந்தப் பூட்டும் இல்லை, நான்தான் ஊருக்குப் போகவில்லை.