எச்1பி விசாவில் டெக்சாஸ் வரும் தம்பிக்கு, கன் ஷோ பற்றி

மனைவி, மகளோடு டாலஸ் வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை, பள்ளிக்கூடம், பழைய கார் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கன் ஷோ என்ற துப்பாக்கிச் சந்தை பற்றி ஒன்று கேட்டீர்கள்: "கன் ஷோவில் செக் (வாங்குபவரின் பின்னணிச் சோதனை) எதுவும் இல்லாமல் துப்பாக்கி வாங்கலாமாமே, பாதுகாப்புக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளவா?" வாடகைக்கும் பள்ளிக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ப்ளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் பாருங்கள், போதும். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாங்காதீர்கள் தம்பி. எச்1பி, எல்1, எஃப்1, உங்கள் மனைவியின் எச்4, எதுவானாலும் சரி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை உண்டு. கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை போய்விடும். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு இருப்பது உண்மைதான். அதை நம்மவர்கள் வாட்ஸப் குழுக்களில் குறுக்குவழி மாதிரி பரப்புகிறார்கள். பரப்புகிறவர் சிட்டிசன். அவருக்கு ஒன்றும் ஆகாது. வழக்கில் மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீங்கள். ஃபுளோரிடாவில் படிக்க வந்த ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டு மாணவர் ஒருவர், கல்லூரி நீக்கிய பிறகு ஊர் திரும்பாமல், சுடும் பயிற்சி மையத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். அதற்கு 18 மாதத் தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

செக் இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. லைசென்ஸ் உள்ள டீலர் கடையில் விற்றாலும் கன் ஷோவில் விற்றாலும், 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்லி, எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனை முடிந்துதான் கொடுக்க வேண்டும். 1998 நவம்பரிலிருந்து இந்த முறை இருக்கிறது. விசா பற்றிய கேள்வியும் அந்தப் படிவத்திலேயே உண்டு. பக்கத்து மேசையில் சொந்தத் துப்பாக்கியை விற்க வந்த தனிநபர் டீலர் இல்லை என்பதால், சோதிக்க வேண்டும் என்று மத்திய சட்டம் அவருக்குச் சொல்லவில்லை, டெக்சாஸும் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் 1991 முதலே தனிநபர் விற்பனையும் டீலர் வழியாகத்தான். கொலராடோவில் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, 2000இல் மக்களே வாக்களித்து கன் ஷோக்களில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். டெக்சாஸில் அந்தத் தனிநபர் உங்களிடம் ஒன்றும் கேட்காமல் விற்றுவிடலாம். உங்கள் மீதுள்ள தடை மட்டும் அந்த மேசையிலும் அப்படியேதான் இருக்கும்.

இந்த ஓட்டையை நாடு முழுக்க அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2014இல் செக்கில் நிராகரிக்கப்பட்ட ஒருவன், பின்னர் தனிநபரிடம் வாங்கிய துப்பாக்கியால் 2019இல் இதே மாநிலத்தில் மிட்லண்ட், ஒடெஸா பகுதியில் 7 பேரைக் கொன்றான். என் அலுவலக நண்பர் ஒருவர், 2016இல் சிறைக்கைதிகளிடம் எடுத்த அரசுக் கணக்கைக் காட்டுவார்: துப்பாக்கி வைத்திருந்த கைதிகளில் அதை கன் ஷோவில் வாங்கியவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. கணக்கு சரிதான். மிட்லண்ட் ஆளும் கன் ஷோவில் வாங்கவில்லையே! அதனால்தான் சொல்கிறேன், எங்கே விற்றாலும் செக் வேண்டும். சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகள் செத்து நாலே மாதத்தில், 2013 ஏப்ரலில், கன் ஷோவிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்குச் செக் கேட்ட திருத்தம் செனட்டில் தோற்றது. 54 பேர் ஆதரித்தார்கள், 60 தேவைப்பட்டது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் 1997இல் வந்தவன். அந்த பிப்ரவரியில், சுற்றுலா விசாவில் வந்த முதியவர் ஒருவர் ஃபுளோரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளத்தில் சுட்டார். அடுத்த ஆண்டே நம்மைப் போன்ற விசாக்காரர்களுக்குத் தடை வந்தது. டாலஸ் பக்கத்து இர்விங்கில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்த அபார்ட்மென்டில் பூட்டை உடைத்து டிவி, ரைஸ் குக்கர் முதற்கொண்டு தூக்கிக்கொண்டு போனார்கள். அறைத்தோழன் ஒருவன் "துப்பாக்கி வாங்கலாம்டா" என்று ஒரே பிடிவாதம். என் மேலாளர், வயதான டெக்சாஸ்காரர், சேதி கேட்டு என்னை ஒரு கன் ஷோவுக்குக் கூட்டிப்போனார். நீள நீளமான மேசைகள், பழைய போர்ப் பதக்கங்கள், கத்திகள், காய்ந்த மாட்டிறைச்சி, கைக்குழந்தையோடு குடும்பங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், முன்பின் தெரியாத ஆளுக்குத் தான் விற்பதே இல்லை என்று அவர் சொன்னார். அன்றைக்கு நல்ல பூட்டுதான் வாங்கினேன்.

இருபது வருடம் இருந்தும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு ஒரு வார்த்தை பேசாமல், "இவனுங்க காட்டுமிராண்டிங்க" என்கிற நம்மவர்களும் உண்டு. சிட்டிசன் ஆன மறுநாளே ரைஃபிளோடு ஃபேஸ்புக்கில் படம் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்காது. நான் இந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமைதான். என் பெண் சின்னவளாக இருந்தபோது தோழி வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று அந்த வீட்டுக்காரர்களிடம் நேராகவே கேட்டுவிடுவேன். யாரும் கோபித்ததில்லை; ஒருவர் பெட்டகத்தையே திறந்து காட்டினார். உங்கள் மகள் பள்ளியில் சேர்ந்ததும் நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.