தடத்துக்கு வெளியே ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெனீவாவில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு குளிர்காலமாகப் பனிச்சறுக்குப் பழகி வருகிறான். வரும் பிப்ரவரியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, வெர்பியே என்ற ஊரில் தடங்களை விட்டு வெளியே 'ஆஃப்-பிஸ்ட்' சறுக்கப் போகிறானாம். "வழிகாட்டி கூடவே வருகிறார், பயப்படாதீங்க அம்மா" என்கிறான். பயப்படாமல் இருக்கலாமா?
— வாசகி, வண்டிப்பெரியார்

பதில்: பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிட வேண்டாம். தடம் என்பது கம்பும் கொடியும் நட்டு, இயந்திரத்தால் பனியை அழுத்திச் சீராக்கி, மேலே சரியக் காத்திருக்கும் பனியைத் தேவைப்பட்டால் வெடி வைத்து முன்கூட்டியே இறக்கிவிட்டு, அதன் பிறகே திறந்துவிடும் பாதை. அதற்கு வெளியே இந்தக் காவல் கிடையாது. வெர்பியேயில் மோன் ஃபோர் சிகரத்துக்கு, அதாவது 3,300 மீட்டர் உயரத்துக்கு, கேபிள் காரே ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து சில அடி விலகினாலே காட்டு மலை தொடங்கிவிடும் என்பது, காபிக் கடையும் கூட்டமும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்பவருக்கு எளிதில் உறைப்பதில்லை.

உருள்பொட்டலை, அதாவது மலையில் மண் சரிந்து இறங்குவதை, அறிந்த உங்கள் பகுதிக்காரர்களுக்குப் பனிச்சரிவை விளக்குவது கடினமில்லை. ஊறிய மேல்மண் பாறையிலிருந்து பிரிந்து இறங்குவதைப் போல, பிடிப்பில்லாத பனிப்பரல்களாலான ஓர் அடுக்கின்மேல் படிந்த புதுப்பனி, ஒரே பலகையாக வெட்டுப்பட்டு இறங்குகிறது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவித்திருந்தால் ஆபத்து கூடும். சிக்கிக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டத்தில் ஒருவரோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

ஆகவே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் நல்ல பனியைக் காட்டுவதற்கு மட்டுமன்று. எந்தச் சரிவில் இன்று கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்வதற்கும்தான். டாவோஸ் நகரத்துப் பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும் அறிக்கையை அவர் படித்துவிட்டுத்தான் வருவார். அதில் அபாயம் 1 முதல் 5 வரை படிகளாகக் குறிக்கப்படும். நடுவில் இருக்கிறதே என்று 3ஆம் படியைச் சாதாரணமாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இறப்புகளில் ஏறத்தாழப் பாதி அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாள்களில்தான் நிகழ்கிறது.

பொதுவாக அந்த நாள் இப்படித்தான் நடக்கும். காலையில் ஒவ்வொருவருடைய டிரான்ஸீவரும், அதாவது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவியும், வேலை செய்கிறதா என்று வழிகாட்டி சோதிப்பார். முதல் இறக்கம் தடத்திலேயே இருக்கும். ஆட்களின் திறனை அங்கே எடைபோட்டுக்கொள்வார். வெளியே வந்த பிறகு, சந்தேகமான சரிவில் ஒருவர் இறங்கிப் பத்திரமான இடத்தில் நின்ற பிறகே அடுத்தவரை விடுவார். வெயில் ஏறினால் தெற்கு நோக்கிய சரிவுகளில் பனி இளகும் என்பதால் நேரத்துக்கு ஏற்ப மலைப்பக்கத்தை மாற்றுவார். சில சமயம் நண்பர்கள் ஆசைப்பட்ட இறக்கத்தை வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்பவரிடம் முகம் சுளிக்காதே என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும், பெறும். அதோடு, பனியில் குத்திப் புதைந்தவரைத் தேடும் மடக்குக் கம்பியும், தோண்டுவதற்கான மண்வாரியும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும். முழுதாகப் புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. ஹெலிகாப்டர் பெரும்பாலும் அதற்குள் வந்து சேராது. புதைவது வழிகாட்டியாகவே இருந்தால் தோண்ட வேண்டியவன் உங்கள் மகன். அந்தக் கருவிகளை அவன் பழகியிருக்கிறானா, மேடுபள்ளமும் ஓடுபோல் இறுகிய பனியும் கொண்ட சிவப்புத் தடங்களில் (நடுத்தரக் கடினத் தடங்களில்) நாள் முழுக்கத் தளராமல் இறங்குவானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் போகட்டும். இல்லையென்றால் இந்த ஆண்டு ஒரு பயிற்சி வகுப்போடு நிற்கட்டும்.

கேள்வி: வழிகாட்டிக்கு ஒரு நாளைக்குப் பல நூறு பிராங்க் கேட்கிறார்கள். முன்னே போனவர்களின் சறுக்குத் தடங்களைப் பின்பற்றினால் போதாதா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. ஒன்பது பேரைத் தாங்கிய சரிவு பத்தாவது ஆளுக்கு உடையலாம். முன்னே போனவர் பாறை விளிம்பில் கயிறு கட்டி இறங்கியிருக்கவும் கூடும். கட்டணம் பெரும்பாலும் குழுவுக்கானது என்பதால் நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளலாம். அமர்த்துபவர் உரிமம் பெற்றவரா என்றும் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் 2014 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி இந்தத் தொழிலுக்கு அனுமதி வேண்டும். தடத்துக்கு வெளியே நேரும் மீட்புச் செலவை உங்கள் பயணக் காப்பீடு ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல காப்பீடுகள் இதை விலக்கியே வைத்திருக்கின்றன.

கேள்வி: இதற்காக ஐரோப்பா வரை போகத்தான் வேண்டுமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. காஷ்மீரில் குல்மார்க்கின் கொண்டோலா என்ற கேபிள் கார், அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. அங்கே பெரும்பகுதி தடமில்லாத சரிவுதான். முதன்முறையாகப் பலகை கட்டுபவர் கீழ்ப்பகுதியின் மென்சரிவுகளில் சில நாள் பழகட்டும். மேலே போகும்போது மேற்சொன்ன மூன்று கருவிகளும் உள்ளூர் வழிகாட்டியும் அங்கேயும் கட்டாயம்.