வாசகர் கேள்வி–பதில்: பின்னால் நிற்கும் பேஸ்

கே: இப்போதுதான் ஜாஸ் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பேஸ் என்ற அந்தப் பெரிய தந்திக்கருவியை வாசிப்பவர் பின்னால் நின்றுகொண்டு ஒரே மாதிரி தட்டுவதாகத்தான் எனக்குப் படுகிறது. பேஸ் கலைஞர் ரான் கார்ட்டரை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ப: ஒரே மாதிரி இல்லவே இல்லை. டி மைனர் கார்டில் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) நான்கு தாள அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் டி, எஃப், ஏ, ஏ-ஃபிளாட் என்ற ஸ்வரங்களில் நடந்தால், அடுத்த கார்டின் ஜி தானாகக் காலடியில் வந்து நிற்கும். அந்த ஜி-க்குப் பதிலாக டி-ஃபிளாட் வாசித்தால் மேலே இருக்கும் கார்டு முழுக்க வேறு நிறமாகிவிடும், பியானோக்காரர் அதைக் கேட்டுத் தன் கையை மாற்றுவார், சாக்ஸபோன்காரர் வேறு வழியில் போவார். மொத்தக் குழுவையும் திருப்ப ஒரு ஸ்வரம் போதும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் 1963 முதல் 1968 வரை கார்ட்டர் இரவுதோறும் செய்தது இதைத்தான். 2,221 பதிவுகளில் வாசித்தவர் என்று 2015-இல் கின்னஸ் கணக்கெடுத்தது. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அந்த ஐந்து வருடம்தான் பெரிது.

கே: வயலின் குடும்பத்துச் செல்லோவில் தொடங்கியவராமே, ஏன் மாறினார்?

ப: வாசிப்பில் குறை இருந்து அல்ல, நிறத்தால். 1937-இல் மிச்சிகனில் பிறந்தவர், பத்து வயதில் செல்லோ எடுத்தார். டெட்ராய்ட்டில் படித்தபோது வெளி நிகழ்ச்சிகளுக்கு வெள்ளை மாணவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பள்ளியின் பேஸ் மாணவர் படிப்பை முடித்துக் கிளம்பும் நேரம் பார்த்து, வேறு ஆளே இல்லாத அந்தக் கருவிக்கு மாறிவிட்டார். அப்புறம் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி, 1959-இல் பட்டம். ஆனால் அங்கே வந்திருந்த நடத்துனர் ஸ்டொகோவ்ஸ்கியே அவர் வாசிப்பைப் பாராட்டிவிட்டு, தன் ஹூஸ்டன் செவ்வியல் இசைக்குழு கறுப்பரை ஏற்கும் நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டார். இதை எப்போது படித்தாலும் வயிறு எரிகிறது. ஜாஸுக்கு அது லாபம்தானே என்று சிலர் எழுதுகிறார்கள், என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. ஜாஸ், செவ்வியல் இரண்டும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கே: இவ்வளவு வாசிப்புக்கு நடுவில் பாடம் எடுக்கப் போனது நேர விரயம் இல்லையா?

ப: எப்படி விரயமாகும்? நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஏறக்குறைய இருபது வருடம், 2008-இலிருந்து ஜூலியார்டு இசைப்பள்ளி. டபுள் பேஸின் (இந்த பேஸின் முழுப்பெயர்) கீழ்ஸ்தாயிப் பகுதியில் ஸ்வரங்கள் தள்ளித்தள்ளி இருக்கும், அதனால் பழைய மரபுப் பாடத்தில் ஒன்று, இரண்டு, நான்காம் விரல்களால்தான் அழுத்தச் சொல்வார்கள், மூன்றாவது விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். இதையெல்லாம் பதிவைக் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

கே: சரி, எதில் தொடங்குவது?

ப: மைல்ஸ் குழுவின் 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' இசைத்தட்டில் 'ஃபுட்பிரிண்ட்ஸ்'. முதல் தடவை பேஸ் ஒன்றை மட்டும் கேளுங்கள், ட்ரம்பெட் எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நல்ல ஹெட்போன் வேண்டும், ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் பாதி காணாமல் போய்விடும்.