சிறிய தோட்டப் பராமரிப்புத் தொழிலுக்கு வருடத் திட்டம்: ஆடியில் உட்காருங்கள்

கேள்வி: கோவையில் ஆறு ஆட்களை வைத்து வீடுகளுக்கும் அபார்ட்மென்ட்களுக்கும் தோட்டம் போட்டுக் கொடுக்கிறேன், மாதப் பராமரிப்பும் செய்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வருடக் கடைசியில் கையில் நிற்பது குறைவாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்ய எப்படித் திட்டம் போடுவது?

பதில்:

நானும் இதே ஊரில் இதே தொழிலில் இருப்பவன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: திட்டத்தை ஏப்ரலில் போடாதீர்கள். கணக்கு வருடம் அப்போது தொடங்குவதால் ஆடிட்டர்கள் அதைத்தான் சொல்வார்கள். நம் தொழிலில் பங்குனியும் சித்திரையும் தண்ணீர் ஊற்றியே தீரும் மாதங்கள். செடி காய்கிறது, பார்ட்டி போன் செய்கிறார், ஆட்கள் வெயிலில் சோர்ந்து போகிறார்கள். அந்த நேரத்தில் புது முறை எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு வாரத்தில் கைவிடப்படும். ஜனவரியும் சரிப்படாது. தை பிறந்ததும் கிரகப்பிரவேசங்கள் வரிசைகட்டி வரும், எல்லாரும் விழாவுக்கு முன்னால் புல்தரை பச்சையாக இருக்க வேண்டும் என்பார்கள்.

நமக்கு வாய்த்த நேரம் ஆடி. ஆடியில் யாரும் புதுவீடு புகுவதில்லை, அதனால் புதுத் தோட்ட வேலை தானாகக் குறையும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருக்கும், வெயில் கொடுமை இருக்காது. பராமரிப்பு வேலை ஓடிக்கொண்டே இருக்க, உங்களுக்கு உட்கார்ந்து யோசிக்க இடம் கிடைக்கும். ஆடியில் முடிவெடுத்தால் ஆவணியில் பழக்கிவிடலாம். அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்கு மழை பிடிப்பதற்குள் புது முறை ஆட்களின் கைக்கு வந்துவிடும்.

சரி, உட்கார்ந்து எதைப் பார்ப்பது? மெஷின் வாங்குவதையோ, ஆள் சேர்ப்பதையோ, புது ஆப் போடுவதையோ முதலில் பார்க்காதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். நாம் விற்பது ஆட்களின் மணி நேரத்தைத்தான். செடியில் வரும் லாபம் ஒரு தடவையோடு முடிகிறது, மாதாமாதம் ஓடுவது நேரம்.

இதற்கு ஆனி மாதத்திலேயே ஒரு சின்ன வேலையை ஆரம்பித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். ஒவ்வொரு டீமின் மேஸ்திரியும் நான்கு நேரம் மட்டும் சொல்ல வேண்டும்: குடோனிலிருந்து கிளம்பியது, பார்ட்டி வீட்டில் வேலை தொடங்கியது, வேலை முடிந்தது, அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதச் சொன்னால் செய்ய மாட்டார்கள், குரல் பதிவாகப் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் போதும். அதை நோட்டில் மூன்றாகப் பிரியுங்கள். தோட்டத்தில் கை வைத்த நேரம் ஒன்று, வண்டியில் போன நேரம் ஒன்று. இரண்டிலும் சேராதது மூன்றாவது: அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டியிடம் நின்றது, பெட்ரோல் வாங்கப் போனது, புல் வெட்டும் பிரஷ் கட்டருக்கு நைலான் கயிறு தேடியது, வீட்டுச் சாவிக்குக் காத்திருந்தது.

அந்த மூன்றாவதில்தான் உங்கள் முதல் வருட வேலை இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேரும் தினம் அரை மணி நேரம் இப்படிச் சும்மா நின்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம். மாதம் 26 வேலை நாளுக்கு 78 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்குக் கிட்டத்தட்ட பத்து ஆள் நாட்கள். ஒருவருடைய மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. இதில் யாருடைய சோம்பலும் இல்லை, ஏற்பாடு இல்லாததுதான் காரணம். அதனால் இந்தக் கணக்கை ஆட்களைத் திட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு தடவை அப்படிச் செய்தால் அடுத்த நாளிலிருந்து குரூப்பில் வரும் நேரமெல்லாம் பொய்யாகிவிடும்.

இதற்கு நான் பார்த்தவரை பலன் தருவது டீமுக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் நைலான் கயிறு, ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், அரம், கவாத்துக் கத்தரி, ஓஸ் ஜாயின்ட், டெஃப்லான் டேப், சொட்டுநீர்க் குழாய்க்கான அடைப்பான்கள். கூடவே ஆயில் கலந்த பெட்ரோல் கேன் ஒன்று. கம்பெனி 50-க்கு 1 என்று சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கலவையை மேஸ்திரி ஒருவர் மட்டுமே போட வேண்டும், கேன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போதே பெட்டியைத் திறந்து குறைந்ததை நிரப்பி, மறுநாளுக்கான சாமானைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிவிட வேண்டும். காலையில் ஏற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். காலை நேரம் வெயிலுக்கு முந்தைய நேரம், வேலை ஓடும் நேரம். அதை சாமான் தேடச் செலவழிப்பது வீண்.

அடுத்தது வண்டி நேரம். திங்கள் காலை வடவள்ளி, மதியம் சரவணம்பட்டி, செவ்வாய் போத்தனூர், அப்புறம் திரும்ப வடவள்ளி என்று போன் வந்த வரிசையில் ஓடினால் டீசலும் போகும், ஆளும் களைத்துவிடுவார். ஊரை நான்காகப் பிரியுங்கள். மேற்கே வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலை. வடக்கே துடியலூர், சரவணம்பட்டி. கிழக்கே பீளமேடு, சிங்காநல்லூர். தெற்கே போத்தனூர், சுந்தராபுரம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கிழமை ஒதுக்கிவிடுங்கள். பார்ட்டிகள் முதலில் முகம் சுளிப்பார்கள், “எங்களுக்குச் சனிக்கிழமைதான் சரி” என்பார்கள். ஆடியிலேயே சொல்லி, ஆவணி முதல் வாரத்திலிருந்து மாற்றம் என்று அவகாசம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். என்றைக்கு வருவார்கள் என்று உறுதியாகத் தெரிவதே அவர்களுக்கு ஒரு வசதிதான்.

ஒத்துவராத, தனியாக ஒரு மூலையில் இருக்கும் வீட்டை என்ன செய்வது? போக்குவரத்துச் செலவைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள். அவர்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை என்றால் அந்தப் பக்கம் வேலை செய்யும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் உங்கள் பக்கம் ஒரு வீடு இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். போட்டியாளர் என்று விலகி நிற்பதில் நமக்கு ஒரு பயனும் இல்லை. அதே தெருவில் இரண்டாவது வீடு கிடைத்தால் கொஞ்சம் விலை குறைத்தாவது எடுங்கள்.

விலையும் இந்த நேரக் கணக்கிலிருந்தே வர வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்பு ஒப்பந்தம் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. 1,000 சதுர அடி கொரியன் புல்லும் 1,000 சதுர அடி பெர்முடாவும் ஒரே வேலை இல்லை. பெர்முடா என்பது நம் அருகம்புல் வகைதான், மழைக்காலத்தில் வெட்ட வெட்ட வளரும். கொரியன் மெதுவாக வளரும், ஆனால் களையைக் கையால்தான் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாதம் எத்தனை ஆள்மணி ஆகிறது என்று அந்த ஒரு மாதப் பதிவே காட்டிவிடும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள். நஷ்டத்தில் ஓடும் இரண்டு மூன்று தோட்டங்கள் கட்டாயம் தெரியவரும். அவை பெரும்பாலும் பழைய, நல்ல பழக்கமுள்ள பார்ட்டிகளாக இருப்பார்கள். நேரில் போய், நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

களை பற்றிச் சொல்லும்போது கோரையைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் பராமரிப்பு நேரத்தைத் தின்பது கோரைதான். மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருந்துவிடும், சில நாட்களில் திரும்ப முளைக்கும். அது தோட்டத்துக்குள் வருவது பெரும்பாலும் நாம் இறக்கும் செம்மண்ணோடும் மக்காத எருவோடும். ஆகவே இதைப் பராமரிப்பில் சரிசெய்ய முடியாது, தோட்டம் போடும்போதே செய்ய வேண்டும். மண்ணை இறக்கியதும் புல் பதிக்காதீர்கள். பரப்பி, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் விட்டால் கோரை முளைத்துக் காட்டிக் கொடுக்கும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அப்புறம் புல் பதியுங்கள். பார்ட்டி அவசரப்படுத்துவார். அந்த மூன்று வாரத்தைக் கொட்டேஷனிலேயே எழுதிவிட்டால் பேச்சு வராது. ஒரு வருடத் திட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். இதன் பலன் அடுத்தடுத்த வருடங்களிலும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

கோடைத் தண்ணீரையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 465 லிட்டர், மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல். இதை டிசைன் பேசும் அன்றே சொல்லிவிட்டால், பலர் தாங்களே புல்லைப் பாதியாக்கி, மீதியில் அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ வைத்து மூடாக்கு (ஈரம் காயாமல் மண்ணை மூடும் அடுக்கு) போடச் சம்மதிப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னை நார்க்கழிவு இதற்கு நல்லது, ஆனால் கழுவி மக்கவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பச்சையாக வந்தால் உப்பு ஏறிச் செடியைக் கெடுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், வேளாண் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது.

செத்த செடிகளுக்கு ஒரு பதிவு வையுங்கள். செடியின் பெயர், எந்த நர்சரி, எந்த மாதம் நட்டது, எந்த இடம், எப்போது போனது. இலவசமாக மாற்றிக் கொடுப்பதில் போகும் பணம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். ஆடியில் அதைப் பார்த்து செடிப் பட்டியலைத் திருத்துங்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் இன்னும் உங்கள் பட்டியலில் இருந்தால் உடனே அடித்துவிடுங்கள். குஜராத் 2023-ல் தடை செய்தது, தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை செய்துவிட்டது. வேலிக்கு வேகமாக வளரும் என்று அபார்ட்மென்ட்களில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியது நம் கடமை.

மெஷின்களுக்குப் புரட்டாசியில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். புல் வெட்டும் மோயர் மெஷினின் பிளேடு மழுங்கினால் புல்லை வெட்டாமல் கிழிக்கும், மறுநாள் நுனியெல்லாம் பழுப்பாகி, பார்ட்டி நோய் என்று நினைத்துக் கூப்பிடுவார். மழையில் சும்மா நிற்கப் போகும் மெஷினில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பிரஷ் கட்டர் பிடிப்பவருக்குக் கண்ணாடியும் முழங்கால் வரை பூட்ஸும் கட்டாயம். இதில் செலவைப் பார்க்காதீர்கள். கல் தெறித்துக் கண் போனால் திரும்ப வராது.

பணம் வசூலாவதும் வேலை முறையில் சேர்ந்ததுதான். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் இந்த ஆடியிலேயே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் வட்டி கேட்கலாம். கம்பெனிகளும் பில்டர்களும் இதைக் காட்டினால் அசைகிறார்கள், ஏனென்றால் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அப்படிப் பாக்கி வைத்த தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. வீட்டுப் பார்ட்டிகளிடம் சட்டம் பேச வேண்டாம், மாத முதல் வாரத்தில் முன்பணம் என்று வழக்கப்படுத்தினால் போதும்.

ஆட்கள் பக்கம் ஒரு யோசனை. ஆறு பேரில் ஒருவருக்குச் சொட்டுநீர், டைமர், மோட்டார் இணைப்பு வேலையைப் பழக்குங்கள், சம்பளத்தையும் ஏற்றுங்கள். ஒவ்வொரு சின்ன ஒழுகலுக்கும் பிளம்பரைத் தேடி நிற்கும் நேரம் அதில் மிச்சமாகும். பத்து பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரம்புக்குள் வருவீர்கள் என்பதையும் நினைவில் வைத்து, ஆள் சேர்க்கும் முன் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் ஒரே வருடத்தில் முடியாது. இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் பெட்டியையும் கிழமைப் பிரிவையும் எடுப்பேன், புதிதாகப் போடும் தோட்டங்களில் கோரைக்கான மூன்று வாரத்தையும் சேர்த்துக்கொள்வேன். தை வேலைகள் ஓய்ந்ததும் மாசியில் இன்னொரு மாதம் அதே குரல் பதிவை எடுங்கள், மூன்றாவது பகுதி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். குறையவே இல்லையென்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குக் காரணம் தெரிந்திருக்கும்.